கையெழுத்துக்கு முன்னால்

தாதர் கிழக்கில் காட்கே மகராஜ் தர்மசாலா பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பரேல் டாடா மெமோரியலுக்கு வைத்தியத்துக்கு வந்தவர்கள் ஃபைலும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். இப்போது எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஃபைல். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியப்பா மகளுக்கு இடது மார்பில் புற்றுநோய்.

"ரெண்டையும் எடுத்துரச் சொல்லவா தம்பி? பயமில்லாம இருக்கலாமில்ல" என்றாள் அக்கா. நான் பி.காம். படித்து வங்கியில் கையெழுத்து சரிபார்க்கிறவன். என்னத்தைச் சொல்ல? உட்கார்ந்து படித்தேன்.

அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் 1894ல் தன் அறுவை முறையை விவரித்து எழுதினார். மார்பகம், அடியில் உள்ள தசை, அக்குள் நெறிக்கட்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துவிடுவது. எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது நம்பிக்கை. முக்கால் நூற்றாண்டு அதுதான் நடந்தது. கை வீங்கிப் போனவர்கள் ஏராளம்.

இதைவிட என்னை உலுக்கியது சம்மதம் வாங்கிய விதம். கட்டி என்னவென்று தெரியும் முன்பே கையெழுத்து வாங்கி மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள். மேஜையிலேயே பரிசோதனை, புற்று என்றால் அப்போதே நீக்கம். கண் விழித்த பிறகுதான் மார்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியும்! அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கே 1974ல் இப்படித்தான் நடந்தது. வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினால் எங்கள் வங்கியில் வேலை போய்விடும்.

அதே ஆண்டு ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் முரண்டு பிடித்தார். முதலில் பயாப்ஸி மட்டும், மற்றதை நான் யோசித்துச் சொல்கிறேன் என்றார். பல சர்ஜன்கள் மறுத்தார்கள். அவர் விடவில்லை. 1979ல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம் கூட்டிய நிபுணர் குழுவும் இரண்டையும் தனித்தனியாகச் செய்யச் சொன்னது. குழுவில் குஷ்னரும் இருந்தார்.

பிறகு கணக்கே மாறியது. பெர்னார்ட் ஃபிஷரும் மிலானில் வெரோனேசியும் நடத்திய ஆய்வுகளின் இருபதாண்டு முடிவுகள் 2002ல் வந்தன. ஆரம்ப நிலையில் கட்டியையும் சுற்றுப் பகுதியையும் மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், முழு மார்பையும் எடுத்தாலும், உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை.

அப்படியானால் இரண்டையும் எடுப்பது எங்கிருந்து வந்தது? பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் 1994, 95ல் அடையாளம் காணப்பட்டன. 2013ல் ஏஞ்சலினா ஜோலி இரண்டையும் எடுத்தது அந்தக் குறைபாட்டுக்காக. அவருக்கு அப்போது புற்றுநோயே இல்லை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குறைபாடு இல்லாதவருக்கு நல்ல மார்பை எடுப்பதால் அந்தப் பக்கம் புதிதாக வரும் வாய்ப்பு குறையும். ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே வந்தது எலும்பிலோ நுரையீரலிலோ திரும்புவதை அது தடுக்காது.

மீட்டமைப்பும் கேட்டாள், கூச்சத்தோடு. சிலிகான் பை முதன்முதலில் 1962ல் ஹூஸ்டனில் வைக்கப்பட்டது. சொந்த வயிற்றுச் சதையை மேலே கொண்டுவந்து மார்பு அமைப்பது 1980களில் பரவியது. (நெற்றித் தோலில் மூக்கு செய்த புனே வைத்தியத்தை லண்டன் பத்திரிகை 1794லேயே வெளியிட்டிருக்கிறது!) உடனேயும் செய்யலாம், பிறகும் செய்யலாம். கதிர்வீச்சு உண்டா என்பதைப் பொறுத்து டாக்டர் சொல்வார்.

போன செவ்வாய்க்கிழமை அக்காவே டாக்டரிடம் கேட்டாள், மரபணு சோதனை எனக்கு வேண்டுமா என்று. பெரியம்மாவுக்கும் இதே நோய் இருந்ததைச் சொன்னதும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். சம்மதப் படிவம் ஃபைலில் அப்படியே இருக்கிறது, கையெழுத்து இல்லாமல்.