தரவுத்தளங்களுக்கு ஒரு பொது வாயில்



கணினித் திரையில் சாளரங்களையும் சிறு படங்களையும் காட்டி, சுட்டியைக் கொண்டு வேலை வாங்க வழிசெய்யும் மென்பொருள் தொகுதிக்கு மேசைத்தளச் சூழல் என்று பெயர். எவரும் பெறலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்ற கொள்கையோடு எழுந்த இத்தகைய சூழல்களுள் பெயர்பெற்றவை இரண்டு. 1996 அக்டோபரில் ஜெர்மனியின் மத்தியாஸ் எட்ரிக் கே.டி.இ.யை அறிவித்தார். 1997 ஆகஸ்டில் மெக்சிகோவின் மிகேல் டி இகாசாவும் ஃபெடெரிக்கோ மேனாவும் க்னோம் திட்டத்தைத் தொடங்கினர்.

கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் இவை விரைவிலேயே உதவின. ஆனால், ஒரு கடைக்காரர் தம் சரக்குக் கணக்கை வைக்கத் தரவுத்தளம் வேண்டுமல்லவா? ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் எனப் பல தரவுத்தளங்கள் அன்றே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு, சாவி வேறு. ஒன்றுக்கென எழுதிய நிரல் மற்றொன்றுடன் பேசாது. விற்றவர் விலையை உயர்த்தினாலும் வாங்கியவர் எளிதில் விலக முடியாது. விலகினால் நிரலையே திருத்தி எழுத நேரும். சுதந்திர மென்பொருள் இயக்கத்தார் இதனைச் சிறு குறையாகக் கருதாததில் வியப்பில்லை.

இதற்கான மருந்து எதிர் முகாமிலிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை! மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1992இல் ஓ.டி.பி.சி. என்னும் இணைப்பு முறையை வெளியிட்டது. நிரல் ஒரே வகையான அழைப்பை விடுக்கும்; இடையில் நிற்கும் 'டிரைவர்' என்ற சிறு நிரல் அதனை அந்தந்தத் தரவுத்தளத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும். இதற்கு நெருங்கிய வடிவம் 1995இல் அனைத்துலகத் தர நிர்ணயமாகவும் ஆயிற்று. பின்னர் லினக்ஸ் உலகத்தாரும் ஐஓடிபிசி, யூனிக்ஸ்ஓடிபிசி என்ற பெயர்களில் அதனைத் தமதாக்கிக்கொண்டனர்.

க்னோம் அணியினர் இதற்கு மேலும் ஒரு படி செல்ல விரும்பினர். 1990களின் இறுதியில் க்னோம்-டிபி என்ற முயற்சி தோன்றியது. ரொட்ரிகோ மோயா அதனை முன்னின்று நடத்தினார். அதன் அடித்தளம் லிப்ஜிடிஏ என்னும் நிரல் நூலகம். தரவு எங்கே இருக்கிறது, எவ்வகைத் தரவுத்தளம் என்பதையெல்லாம் ஓரிடத்தில் பெயரிட்டுப் பதிந்துவைத்தால் போதும். நிரலுக்குத் தெரிய வேண்டியது அப்பெயர் மட்டுமே. க்னூமெரிக் என்ற கணக்குத்தாள் நிரல் இதன் துணையால் தரவுத்தள அட்டவணையை நேரே தன் கட்டங்களுக்குள் கொண்டுவரக் கற்றது.

தொடக்கத்தில் ஒவ்வொரு தரவுத்தள இணைப்பும் தனி நிரலாக ஓடியது. கோர்பா என்ற தொடர்பு முறை வழியாகவே பயன்பாட்டு நிரல்கள் அதனுடன் பேசின. க்னோமின் முழுப் பெயரிலேயே வலைப்பின்னல் பொருள்கள் என்ற கருத்து அடங்கியிருந்ததால் அன்று இது இயல்பாகப் பட்டது. ஆனால், பக்கத்து அறைக்குச் செய்தி சொல்ல அஞ்சலகத்துக்கு நடப்பது போன்ற ஏற்பாடு அது! 2000களின் தொடக்கத்தில் கோர்பாவைக் கைவிட்டு, இணைப்புப் பகுதியை நிரலுக்குள்ளேயே ஏற்றும் எளிய முறைக்கு மாறினர். அது நல்ல முடிவென்றே நாம் கருதுகிறோம்.

கே.டி.இ.க்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. அது சார்ந்திருந்த க்யூட்டி நூலகத்தின் மூன்றாம் பதிப்பு, 2001இல், தரவுத்தள இணைப்பையும் சேர்த்தே கொடுத்துவிட்டது.

வாயில் பொதுவானாலும் மொழி முற்றிலும் பொதுவாகவில்லை. முதல் பத்து வரிகளை மட்டும் தருக என்று கேட்க, போஸ்ட்கிரெஸுக்கு 'லிமிட்' என்ற சொல். மைக்ரோசாஃப்டின் தரவுத்தளத்துக்கு 'டாப்'. பழைய ஆரக்கிளுக்கோ 'ரோநம்'. இவ்வேறுபாடுகளை நூலகமே சமாளிக்க வேண்டுமென்று லிப்ஜிடிஏ பிற்காலப் பதிப்புகளில் பெரிதும் உழைத்தது.

இதற்கிடையே, 2000இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட எஸ்கியூலைட், தனிச் சேவையகமே வேண்டாமல் ஒரே கோப்பில் தரவு முழுவதையும் அடக்கிக் காட்டியது. மேசைத்தள நிரல்கள் பலவும் அதனை நேரடியாகவே பயன்படுத்தத் தொடங்கின. க்னோமில் கோப்புகளைத் தேடித் தரும் டிராக்கரும் தன் குறிப்புகளை அதில்தான் சேமித்தது.