இரண்டு எழுத்தில தொடங்கின வேலை

ஓ.எல் படிக்கேக்க பஸ்கால் படிச்சம். கொப்பியில எழுதி, கொப்பியிலயே பிழை திருத்தி, சோதனை முடிய மறந்தும் போனம். பிறகு பைதன் படிக்க வெளிக்கிட்டு, வீடியோ பார்த்துப் பார்த்து மூன்று முறை நடுவில் நிப்பாட்டினோம். அந்தக் கடுப்பிலதான் லினக்ஸ் பிறந்த கதையைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். அதை ஒரு மேதையின் கதையாகவே கேட்டிருந்தோம். ஆனால் அது படிக்கிறதுக்காகச் செய்த ஒரு சின்ன வேலையின் கதை.

1991 ஜனவரி. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸுக்கு 21 வயது. தவணைமுறையில் ஒரு 386 கணினி வாங்குகிறார். மினிக்ஸ் இயங்குதளம் கைக்கு வரும்வரை பிரின்ஸ் ஒஃப் பெர்சியா விளையாடினாராம் (எங்களுக்கு ஒரு ஆறுதல்). 386 சில்லு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளை எப்படி மாற்றி மாற்றிச் செய்கிறது என்று அறிய அவருக்கு ஆசை. அதற்காக எழுதிய புரோகிராமில் ஒரு பகுதி திரையில் ‘ஏ’ என்ற எழுத்தையே அடிக்கும், மற்றப் பகுதி ‘பி’ என்ற எழுத்தையே அடிக்கும். இரண்டும் மாறி மாறி வந்தால் சரி. அவ்வளவுதான்.

பிறகு அந்த இரண்டு பகுதிகளுக்கும் உருப்படியான வேலை கொடுத்தார். ஒன்று விசைப்பலகையில் தட்டுவதை மொடத்துக்கு அனுப்பும், மற்றது மொடத்தில் வருவதைத் திரையில் காட்டும். வீட்டிலிருந்தே பல்கலைக்கழகக் கணினியோடு இணைய முடிந்தது. அங்கிருந்து கோப்புகளை இறக்கினால் எங்கே சேமிப்பது? டிஸ்க்கை இயக்கும் புரோகிராம் எழுத வேண்டி வந்தது. பிறகு கோப்பு முறைமை. ஒவ்வொரு தேவையும் அடுத்த பாடத்தை இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் மொடத்துக்குப் போகவேண்டிய கட்டளையைத் தவறுதலாக டிஸ்க்குக்கே அனுப்பி, மினிக்ஸ் இருந்த பகுதியைப் பழுதாக்கியும் விட்டார். மினிக்ஸைத் திரும்பப் போடாமல், தன்னுடையதையே வளர்க்கலாம் என்று முடிவெடுத்தது அப்போதுதான். அதற்கு முன்பே, செப்டம்பரில் 0.01 பதிப்பு வெளிவந்திருந்தது. ஏறக்குறைய 10,000 வரிகள்.

இந்த இடத்தில நாங்கள் கொஞ்சம் நிதானிக்கோணும். ‘ஒரு புரொஜெக்ட் செய், எல்லாம் வரும்’ என்று சொல்லுறவை விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கு. லினஸின் தாத்தா லியோ டோர்ன்குவிஸ்ட் புள்ளிவிபரவியல் பேராசிரியர். அவரிடம் விக்-20 கணினி இருந்தது. வெறும் 5 கிலோபைட் நினைவகம். தாத்தா தாளில் எழுதிய புரோகிராம்களைப் பேரன் தட்டிக்கொடுப்பான். பிறகு அவர் வாங்கிய சின்கிளேயர் கியூஎல் கணினிக்குப் பின்லாந்தில் மென்பொருள் கிடைப்பதே அரிது, ஆகவே எடிட்டரையும் அசெம்ப்ளரையும் தானே எழுதிக்கொண்டார். 386க்கு வருமுன்னமே பத்து வருடச் சின்ன வேலைகள் கையில் இருந்தன. வீட்டில் ஒரு கணினியும் இருந்தது. எங்கட குழுவில் பாதிப் பேருக்கு இன்னும் போன்தான்.

2022 மின்வெட்டுக் காலத்தில் எங்களில் ஒருத்தர், தன் வலயத்தின் எழுத்தைக் கொடுத்தால் கரண்ட் போற நேரத்தைச் சொல்லும் ஒரு பைதன் புரோகிராம் போனிலேயே எழுதத் தொடங்கினார். லிஸ்ட், டிக்ஷனரி, கோப்பு வாசிப்பு எல்லாம் அதிலதான் எங்களுக்குப் பிடிபட்டது. அது ஒழுங்கா வேலை செய்ய முதல் மின்வெட்டே நிண்டிட்டுது. நள்ளிரவைத் தாண்டினால் திகதி பிழைக்கிற கோளாறு இன்னும் அதில இருக்கு. இந்தக் கிழமை அதைத் திறந்து பாக்கப் போறம்.