கொழும்பில் வீட்டுக் காப்புறுதி: புயல், வெள்ளம், ஆலங்கட்டிச் சேதம்

கொழும்பு வீடொன்றுக்குக் காற்றும் மழையும் விளைவிக்கும் சேதத்துக்கு ஈடு தரும் காப்பு, இலங்கையில் பெரும்பாலும் தீக் காப்புறுதியோடு சேர்த்தே விற்கப்படுகிறது. அடிப்படைத் தீக் காப்பு தீ, மின்னல் போன்ற சிலவற்றையே ஏற்கும். புயல், வெள்ளம், குழாய் வெடிப்பு, வாகனம் மோதல் முதலியவை மேலதிகக் காப்பாகக் காப்புறுதிப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத ஆபத்துக்கு ஈடு இல்லை.

ஆபத்தின் தன்மை

கொழும்புப் பகுதியின் வானில் நீர் உறையும் மட்டம் ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில் உள்ளது. எனவே ஆலங்கட்டிகள் கடலோரத்தை எட்டுமுன் பெரும்பாலும் உருகிவிடும். மலையகத்தில்தான் அவ்வப்போது விழுகின்றன. கொழும்பின் உண்மையான பகை மழைவெள்ளம். 1992 ஜூனில் ஒரே நாளில் ஏறத்தாழ 490 மி.மீ. மழை கொட்டியது. 2010 நவம்பரில் நாடாளுமன்ற வளாகத்துள்ளும் நீர் புகுந்தது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையை மூழ்கடித்தது. வெள்ளவத்தையில் கால்வாயோர வீடுகளும், கொட்டாஞ்சேனையில் பழைய ஓட்டுக்கூரை வீடுகளும் கூடுதல் கவனம் வேண்டுபவை.

விலக்குகள்

புயல் கூரையைப் பெயர்த்து, அந்தத் திறப்பின் வழியே மழை புகுந்தால் ஈடு கிடைக்கும். வெடித்த ஓடு, அடைத்த பீலி, நாள்பட்ட ஒழுக்கு ஆகியவற்றால் வரும் சேதம் பராமரிப்புக் குறையாகக் கருதப்பட்டு மறுக்கப்படலாம். ஒவ்வோர் இழப்பிலும் குறித்த ஒரு பகுதியை உரிமையாளர் தாமே ஏற்க வேண்டும். வெள்ளத்துக்கு இது மற்ற ஆபத்துகளைவிட அதிகமாக இருக்கலாம்.

தொடர்மாடிகள்

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் கட்டடத்தைக் காப்புறுதி செய்வது வீட்டுரிமையாளர்கள் அடங்கிய முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. தளபாடமும் மின்சாதனமும் அதில் அடங்கா. அவற்றுக்கு வீட்டிலிருப்பவர், வாடகைக்காரராயினும், தனிக் காப்பு எடுக்க வேண்டும்.

குறைகாப்பு

காப்புறுதித் தொகை வீட்டை மீளக் கட்டும் செலவுக்குச் சமமாக இருக்க வேண்டும். காணி விலை அதில் சேராது. 1 கோடி ரூபாய் செலவாகும் வீட்டை 50 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவருக்கு, 10 இலட்ச ரூபாய் சேதத்தில் 5 இலட்சமே கிடைக்கும். இதுவே சராசரி நிபந்தனை. 2022 இல் ரூபாய் மதிப்பு சரிந்து கட்டுமானப் பொருள்களின் விலை எகிறியது. அதற்கு முன் நிர்ணயித்த தொகையை அப்படியே புதுப்பித்துவரும் குடும்பங்கள், தாம் அறியாமலே குறைகாப்பு நிலையில் இருக்கக்கூடும்.

கோரிக்கையும் முறையீடும்

சேதத்தைப் படம்பிடித்து, நிறுவனத்துக்கு உடன் அறிவித்து, மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை சேதமான பொருள்களை வைத்திருக்க வேண்டும். மேலும் நீர் புகாதபடி கூரையைத் தற்காலிகமாக மூடுவது உரிமையாளரின் கடமை. அச்செலவுப் பற்றுச்சீட்டையும் பேண வேண்டும். மறுப்பு வந்தால் எழுத்தில் காரணம் கேட்டு, காப்புறுதிக் குறைகேள் அதிகாரியை நாடலாம். துறையை மேற்பார்வை செய்வது இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழு.

அரசு 2016 இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் வழியாகத் தொடங்கிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம், ஒரு வீட்டுக்கு உச்சமாக 25 இலட்ச ரூபாய் என வரம்பிட்டது. கொழும்பில் ஒரு வீட்டை மீளக் கட்ட அத்தொகை போதாது. ஆகவே ஆண்டுதோறும் பத்திரத்தைப் புதுப்பிக்கும்போதே ஆபத்துப் பட்டியலையும் காப்புறுதித் தொகையையும் சரிபார்ப்பதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு.