அடுப்பில்லாத இனிப்பு: அண்ணாமலை, பழனி, ஒரு சின்ன வாழைப்பழம்

வீட்ல விசேஷம். ஐம்பது பேர் வரப்போறாங்க. அடுப்பு முன்னாடி நின்னு பாகு காய்ச்ச நேரமில்லை. பழத்தை வெச்சே, ஆளுக்கு ஒரு வாய் அளவுக்கு, நெருப்பே இல்லாம ஒரு இனிப்பு செய்யணும். இப்படிக் கேட்டா இன்னைக்கு பிஸ்கட், கிரீம், கண்ணாடிக் கிண்ணம்னு ஆரம்பிச்சுடறாங்க. ஐம்பது பேருக்கு என்ன, ஐம்பதாயிரம் பேருக்கே நம்ம ஊர்ல அப்படித்தான் செஞ்சுட்டு இருக்காங்க சாமி! பஞ்சாமிர்தத்தைத்தான் சொல்றேன்.

பழனி சமாச்சாரத்தை திருவண்ணாமலைக்காரன் எதுக்குப் பேசறான்னு நினைக்கலாம். காரணம் இருக்கு.

கார்த்திகை தீபத்தன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க மலை உச்சியில, 2668 அடி உயரத்துல, தீபம் ஏத்தறாங்க இல்லையா? கொப்பரையை மலைமேல கொண்டு போறதும், ஆயிரம் மீட்டருக்கும் மேல காடாத் துணியைத் திரியாக்கி, ஆயிரக்கணக்கான கிலோ நெய் ஊத்தி ஏத்தறதும் பர்வதராஜ குலத்தாரோட பரம்பரை உரிமை. மீனவர் சமுதாயம். கடல் பக்கமே இல்லாத ஊர்ல ஏரி, குளத்துல மீன் பிடிச்சு வாழ்ந்தவங்க. கீழே லட்சக்கணக்கான பேர் அண்ணாந்து பாக்கிற நெருப்பு அவங்க கையால எரியுது.

இப்போ சேலம் மாவட்டம் எடப்பாடிக்கு வாங்க. அங்கேயும் பருவதராஜ குலத்தார் இருக்காங்க. தைப்பூசக் கூட்டம் ஓஞ்ச பிறகு காவடி எடுத்துக்கிட்டு கூட்டம் கூட்டமா பழனிக்கு நடந்தே வருவாங்க. மத்த பக்தர்களுக்கு இல்லாத ஒரு உரிமை இவங்களுக்கு உண்டு: ராத்திரி பழனி மலைமேலயே தங்கலாம். அங்கேயே டன் கணக்குல வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, நெய், தேன், ஏலக்காய் எல்லாம் குவிச்சுப் பஞ்சாமிர்தம் பிசைவாங்க. சாமிக்குப் படைச்சு, ஊருக்கு எடுத்துட்டுப் போய் எல்லாருக்கும் கொடுப்பாங்க.

ஒரே குலப்பேர். ஒரு மலையில நெருப்பு மூட்டறாங்க, இன்னொரு மலையில நெருப்பே இல்லாம இனிப்பு செய்யறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

சரி, பஞ்சாமிர்தத்துக்கு நெருப்பு ஏன் தேவைப்படல? வடக்கே பஞ்சாமிர்தம்னா பால், தயிர், நெய், தேன், சர்க்கரை. அபிஷேகம் ஆனவுடனே கையில வாங்கிக் குடிச்சுடணும். வெயில்ல ஒரு நாள் தாங்காது. நடந்து வந்து நடந்தே ஊர் திரும்பறவனுக்கு அது உதவாது. பழனி வழியில பாலும் இல்லை, தயிரும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணியும் சேர்க்கிறதில்லை. பழத்துல இருக்கிற ஈரத்தைச் சர்க்கரையும் தேனும் இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கும். கெடுக்கிற கிருமிக்குக் குடிக்கத் தண்ணி இருக்காது! அதான் அடுப்பு செய்ய வேண்டிய வேலையைச் சர்க்கரையே செஞ்சுடுது. ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைப் பழனி தேவஸ்தானம் மூட்டை மூட்டையா வாங்கறது இதுக்குத்தான்.

ஆனா பாதி வேலை பழத்தோடது. சமைக்காத பண்டத்துல பழத்தோட குறையை மறைக்க வழியே கிடையாது. ஈரம் அதிகமுள்ள பழம் போட்டா நீர் விட்டுக்கும், சீக்கிரம் புளிச்சுடும். அங்கேதான் விருப்பாச்சி வருது. ஒட்டன்சத்திரம் பக்கத்துல மலையடிவார ஊர். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த பாளையக்காரர் கோபால நாயக்கர் ஆண்ட ஊர். அவரை 1801-ல ஆங்கிலேயர் தூக்குல போட்டாங்க. அந்த ஊர்ப் பேரைத் தாங்கிய மலைவாழை சின்னப் பழம், இறுகின சதை, ஈரம் கம்மி. தோல் சுருங்கினாலும் உள்ளே கெடாது. கீழ்ப்பழனி மலையில காப்பிச் செடிகளோட சேர்ந்து வளரும்.

இந்தப் பழம் இல்லாமப் போகப் பார்த்தது, தெரியுமா? முடிக்கொத்து நோய்னு ஒண்ணு. இலையெல்லாம் குறுகி, உச்சியில கொத்தா நிமிர்ந்து நிக்கும், தார் போடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுல பிஜித் தீவுல தெரிய வந்து, ஆஸ்திரேலியாவுல தோட்டம் தோட்டமா அழிச்சது. அசுவினிப் பூச்சிதான் இதைப் பரப்புதுன்னு 1920-கள்ல மேகீ என்ற விஞ்ஞானி அங்கே கண்டுபிடிச்சார். இலங்கை வழியா 1940-கள்ல தென்னிந்தியாவுக்கு வந்துடுச்சு. வாழையைப் பக்கக்கன்று எடுத்துத்தானே நடறோம்? தாய்க்கு இருக்கிற நோய் கன்றுக்கும் கூடவே போகும். மருந்து கிடையாது, வேரோட பிடுங்கறது ஒண்ணுதான் வழி. 1970-கள் தொடங்கி கீழ்ப்பழனி மலையில மலைவாழைத் தோட்டங்கள் பெரும்பகுதி காலி. விவசாயிகள் வேற பயிருக்குப் போயிட்டாங்க.

பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், தடியன்குடிசையில இருக்கிற அவங்க ஆராய்ச்சி நிலையம், மலைவாழை விவசாயிகள் எல்லாரும் சேர்ந்து, வைரஸ் இல்லைன்னு சோதிச்ச திசு வளர்ப்புக் கன்றுகளை மறுபடி மலையேத்தினாங்க. 2008-09-ல விருப்பாச்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைச்சது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019 ஆகஸ்ட்ல கிடைச்சது. பண்டத்துக்கு முன்னாடி பழத்துக்குக் கிடைச்சதைப் பாருங்க. முறைதானே! பழம் போச்சுன்னா குறியீடு டப்பா மேல ஒட்டற வெறும் காகிதம்தான்.

வீட்ல செய்யறவங்களுக்கு: நல்லாப் பழுத்த மலைவாழை பத்து, கையால பிசைஞ்சுக்குங்க. மிக்ஸி வேண்டாம், கூழாகிடும். நாட்டுச் சர்க்கரை 200 கிராம், கொட்டை நீக்கி நறுக்கின பேரீச்சம்பழம் பத்து, கற்கண்டு ஒரு பிடி, தேன் ரெண்டு ஸ்பூன், ஏலப்பொடி, கடைசியா உருக்கின நெய் ஒரு ஸ்பூன். பாத்திரத்துலயும் ஸ்பூன்லயும் ஈரம் கூடாது. சின்னத் தொன்னையில ஆளுக்கு ஒரு ஸ்பூன் வெச்சா வேலை முடிஞ்சது. கோயில் பக்குவம் நம்ம கைக்கு வராது, ரெண்டு மூணு நாளுக்குள்ள காலி பண்ணிடுங்க. (காலியாகாம இருந்தாத்தானே!)

மலைவாழை மத்த பழத்தைவிட விலை கூடத்தான். பாக்கவும் சுருங்கிப் போய், நேத்து வந்த சரக்கு மாதிரி இருக்கும். அதைப் பார்த்து ஒதுக்கிடாதீங்க. மலைமேல அந்தக் கன்றை மறுபடி நட்டவருக்கு நாம வாங்கற அந்த ஒரு சீப்புதான் கூலி. நாம வாங்கலைன்னா இந்தத் தடவை அசுவினி வரவே வேண்டியதில்லை.

உங்க ஊர்க் கோயில்ல பஞ்சாமிர்தத்துக்கு என்ன பழம் போடறாங்கன்னு கேட்டு வந்து சொல்லுங்க மக்கா.