இதயப் படமும் மூச்சின் அசைவும்

இதயத் தசைக்குக் குருதியூட்டும் முடியுரு நாடிகளின் விட்டம் மூன்று நான்கு மில்லிமீற்றரேயாம். அமைதியாக மூச்சுவிடும்போதே பிரிமென்றகடு ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு ஏறியிறங்கும். அதன்மேல் அமர்ந்த இதயமும் உடனசையும். தன் விட்டத்தினும் மிகுதியாக இடம்பெயரும் குழாயைக் காந்தப் பரிவினாற் படம்பிடித்தல் எங்ஙனம்? இவ்வினாவின் வரலாற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

காந்தப் பரிவினால் உருவங்காணும் முறையை லோட்டர்பர் 1973ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்படம் புகைப்படம்போல் ஒரு கணத்தில் அமைவதன்று. பல துடிப்புக்களிற் சிறிது சிறிதாகத் திரட்டிய அளவைகளே ஈற்றிற் படமாகின்றன. இடையே நேர்ந்த அசைவு படம் முழுவதையும் மங்கச்செய்யும். துடிப்பினாலாகும் இடரை இதய மின்வரையத்தின் துணைகொண்டு பெரிதும் விலக்கினர். மூச்சுக்கோ அத்தகைய ஒழுங்கில்லை.

ஆகவே மூச்சை நிறுத்துவித்தனர். எடல்மன் குழுவினர் 1991இல் இவ்வாறு முடியுரு நாடிகளைக் காட்டினர். 1993இல் மானிங் முதலியோர் 39 நோயாளரிடத்து இதனைச் சோதித்தனர். ஒரு மூச்சடக்கத்துக்கு ஒரு மெல்லிய தளமே கிடைக்கும். அடுத்த முறை மூச்சு அதே மட்டத்தில் நிற்குமென்பதற்கு உறுதியில்லை. அன்றியும், மூச்சிளைப்பு இதயநோயின் குறிகளுள் ஒன்றன்றோ! யாருக்கென வகுத்தனரோ அவருட் பலருக்கு இம்முறை அரிதாயிற்று.

மாற்றுவழியின் வித்து முன்னரே இடப்பட்டிருந்தது. உடலின் அசைவை இடையிடையே அளந்து திருத்தும் 'வழிகாட்டி எதிரொலி'யை ஈமனும் பெல்ம்லியும் 1989இல் விளக்கியிருந்தனர். ஈரலும் நுரையீரலும் சந்திக்கும் எல்லையைத் துடிப்புத்தோறும் நோக்கி, அது குறித்த எல்லைக்குள், பெரும்பாலும் ஐந்து மில்லிமீற்றருக்குள், நிற்கும்போது கிடைத்த அளவைகளையே ஏற்பர், ஏனையவற்றைத் தள்ளுவர். நோயாளி இயல்பாக மூச்சுவிடலாம், காத்திருப்பது பொறியே. ஆயின் பாதிக்கு மேற்பட்ட அளவைகள் வீணாதலும் உண்டு.

பிரிமென்றகட்டின் அசைவில் இதயம் ஏறக்குறைய 0.6 பங்கே அசைகின்றதென வாங், றீடரர், ஈமன் ஆகியோரின் 1995ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. அப்பங்கினைக் கொண்டு படத்தைத் திருத்தும் வழக்கம் பரவியது. அது சராசரி மாத்திரமே, ஆளுக்காள் வேறுபடுவது. ஒருவரின் நாடியைப் பலரின் சராசரியால் அளப்பது இம்முறையின் பெருங் குறையென்பது எமது கருத்து.

இயல்பு மூச்சில் 109 நோயாளரைச் சோதித்த கிம் முதலியோரின் 2001ஆம் ஆண்டு ஆய்வில், நாடிகளின் தொடக்க, நடுப் பகுதிகளுள் 84 வீதம் மதிப்பிடத்தக்க தெளிவுடையனவாயின. பின்வந்தோர் ஈரலை விடுத்து, இதயத்திலிருந்து பெற்ற அளவைகளிலேயே அதன் அசைவைக் கணித்தனர், அதனால் 0.6 என்னும் இரவற் பங்கு வேண்டாதாயிற்று. எனினும், சில துடிப்புக்களுள் முடியும் ஊடுகதிர்க் கணனி வெட்டுப்படமே மருத்துவமனைகளில் மிகுதியும் வழங்குகின்றது. அதற்குக் கதிர்வீச்சும் வேண்டும், மூச்சடக்கமும் வேண்டும்.