தொடர் பயணம்: பெயர் சொல்லாமல் விலக்கிய ஒரு விதி

1908 ஜனவரி 8 அன்று கனடா அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. குடியேற வருவோர், தாம் பிறந்த நாட்டிலிருந்தோ குடியுரிமை பெற்ற நாட்டிலிருந்தோ, புறப்படும் முன்பே வாங்கிய முழுப் பயணச்சீட்டுடன் இடைநில்லாமல் வந்தாலன்றி, கரையிறங்கத் தடை விதிக்கப்படலாம் என்பது அதன் சாரம். ஆணையில் 'இந்தியா' என்ற சொல் இல்லை. இனமோ நிறமோ சமயமோ குறிப்பிடப்படவில்லை. ஆயினும், அது யாரைக் குறிவைத்து எழுதப்பட்டது என்பதில் அன்று எவருக்கும் ஐயமில்லை.

1907 செப்டம்பரில் வான்கூவர் நகரில் ஆசியர்களுக்கு எதிராகப் பெருங்கலவரம் மூண்டது. சீனர்களைத் தடுக்க ஏற்கெனவே தலைவரி இருந்தது: 1885இல் 50 டாலர், 1903இல் 500 டாலர். ஜப்பானியர் விஷயத்தில் அந்நாட்டு அரசோடு ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. இந்தியர்களிடம் இந்த வழிகள் செல்லவில்லை. அவர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள். சட்டத்தின் பார்வையில் கனடியரும் அவர்களும் ஒரே பேரரசின் பிரஜைகள். விக்டோரியா அரசியின் 1858ஆம் ஆண்டுப் பிரகடனத்தைச் சுட்டிக்காட்டிச் சமத்துவம் கேட்கும் மக்களை வெளிப்படையாகப் பெயர் சொல்லி விலக்கினால், இந்தியாவில் கொந்தளிப்பு மிகும் என லண்டன் அஞ்சியது. அந்த அச்சத்துக்குக் கிடைத்த விடையே 'தொடர் பயணம்' என்னும் சொற்றொடர்.

இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரடியாகச் செல்ல முடியாதபடி, முழுப் பயணச்சீட்டு விற்பனையைக் கப்பல் நிறுவனத்தைக் கொண்டே அரசு நிறுத்தியது. பின்னர், இடைநில்லாமல் வரவில்லை என்று கூறி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. வாசலை அடைத்துவிட்டு வாசல் வழியாக வரவில்லை என்று குற்றஞ்சாட்டும் முறை இது. இதோடு, ஆசியர்கள் கையில் 200 டாலர் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. முன்னரே குடியேறியிருந்த ஆண்களால் மனைவி மக்களையும் அழைத்துக்கொள்ள இயலவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1907இலேயே அவர்களது வாக்குரிமையைப் பறித்திருந்தது.

சொற்களால் கட்டிய தடையைச் சொற்களாலேயே தகர்க்கவும் முடிந்தது. 1913 நவம்பரில், 'பனாமா மாரு' கப்பலில் வந்து தடுத்து வைக்கப்பட்ட இந்தியர்களின் வழக்கைத் தலைமை நீதிபதி கார்டன் ஹன்டர் விசாரித்தார். ஆணைகளின் வாசகம் மூலச் சட்டத்தின் வாசகத்தோடு பொருந்தவில்லை எனக் கண்டு அவர்களை விடுவித்தார். அரசு தன் நோக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை, வாசகத்தை மாற்றியது. 1914 ஜனவரியில் திருத்திய ஆணைகள் வெளிவந்தன. தொழிலாளர்களும் கைவினைஞர்களும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் துறைமுகங்களில் இறங்கக்கூடாது என்ற மற்றோர் ஆணையும் நடைமுறையில் இருந்தது. அதிலும் இந்தியரின் பெயர் இல்லை.

இந்தச் சூழலில்தான் குர்தித் சிங் வாடகைக்கு அமர்த்திய 'கோமகட்டா மாரு' என்ற ஜப்பானியக் கப்பல், 1914 மே 23 அன்று வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. அதில் 376 பயணிகள்: சீக்கியர் 340 பேர், முஸ்லிம்கள் 24 பேர், இந்துக்கள் 12 பேர். முன்பே கனடாவில் வசித்துத் திரும்பிய சுமார் 20 பேர் தவிர மற்றோர் இறங்க அனுமதிக்கப்படவில்லை. உணவும் குடிநீரும் குறைந்த நிலையில் இரண்டு மாதங்கள் அவர்கள் கரையைப் பார்த்தபடியே காத்திருந்தனர். கரையிலிருந்த இந்தியர்கள் குழு அமைத்து, நிதி திரட்டி, கப்பல் வாடகையைச் செலுத்தி, வழக்கறிஞர் எட்வர்ட் பேர்டை அமர்த்தினர். முன்ஷி சிங் என்ற பயணியின் வழக்கு அனைவருக்குமான சோதனை வழக்காயிற்று. ஜூலை 6 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அரசின் பக்கம் நின்றனர். ஜூலை 23 அன்று, 'ரெயின்போ' போர்க்கப்பலின் கண்காணிப்பில் கோமகட்டா மாரு திருப்பி அனுப்பப்பட்டது.

தாய்நாடும் அவர்களை வரவேற்கவில்லை. செப்டம்பர் 29 அன்று கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியவர்களை, பஞ்சாபுக்குச் செல்லும் ரயிலில் ஏறுமாறு காலனிய அரசு கட்டாயப்படுத்தியது. அவர்கள் மறுத்துக் கல்கத்தா நோக்கி நடந்தனர். மோதலும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. சுமார் 20 பயணிகள் உயிரிழந்தனர்.

இந்த வரலாறு பெரும்பாலும் இத்துயரத்தோடு முடித்துவைக்கப்படுகிறது. அதன் பின் முப்பதாண்டுகள் மனு எழுதியவர்களும் வழக்காடியவர்களும் நினைவில் நிற்பதில்லை. 1919இல் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. 1939இல் கனடா சென்ற தமிழரான வழக்கறிஞர் டி. பி. பாண்டியா, உரிய ஆவணமின்றி வாழ்ந்த சீக்கியர்களுக்காக ஒட்டாவாவில் வாதாடி, அவர்கள் நாடு கடத்தப்படாமல் அங்கேயே தங்க வழிசெய்தார். பின்னர் வாக்குரிமைப் போராட்டத்திலும் அவர் துணைநின்றார். பஞ்சாபி மரம் அறுக்கும் தொழிலாளர்களுக்காக ஒரு தமிழர் வாதாடியது, புலம்பெயர்ந்தோர் உரிமை என்பது ஓரினத்தின் தனிச் சிக்கலன்று என்பதற்குச் சான்று. 1947இல் வாக்குரிமை மீண்டது. தொடர் பயண விதியும் நீங்கியது. 1951இல் ஆண்டுக்கு இந்தியர் 150 பேர், பாகிஸ்தானியர் 100 பேர், இலங்கையர் 50 பேர் என ஒதுக்கீடு வந்தது. கதவு திறந்தது, ஆனால் விரற்கடை அளவே திறந்தது. 1962இல் இன அடிப்படையிலான பாகுபாடு பெருமளவு நீக்கப்பட்டு, 1967இல் கல்வி, தொழில்திறன், மொழியறிவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. 2016 மே 18 அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் கோமகட்டா மாரு நிகழ்வுக்காக மன்னிப்புக் கோரினார்.

மன்னிப்பு வர 102 ஆண்டுகள் ஆயின. 1908ஆம் ஆண்டு ஆணை விட்டுச்சென்ற பாடம் எளிது. ஒரு குடியேற்றச் சட்டம் நியாயமானதா என்பதை அதன் சொற்களைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. அந்த நிபந்தனையை யாரால் எளிதில் நிறைவேற்ற முடியும், யாரால் ஒருபோதும் முடியாது என்று கேட்டாக வேண்டும். கட்டணம், ஆவணம், காத்திருப்புக் காலம், மொழித்தேர்வு என எல்லோருக்கும் பொதுவாக ஒலிக்கும் நிபந்தனைகள் எந்த நாட்டில் விதிக்கப்பட்டாலும், இந்தியாவிலேயே விதிக்கப்பட்டாலும், அவற்றுக்கும் இக்கேள்வி பொருந்தும். பெயர் சொல்லப்படாதவரும் விலக்கப்படலாம். கோமகட்டா மாருவில் இருந்தவர்கள் அப்படி விலக்கப்பட்டவர்களே.