பாடம் தமிழில், பாட்டு எம்மொழியில்?

கடற்கரைக்கும் தாம்பரத்திற்குமிடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. அந்தத் தடத்திலே உள்ளது பல்லாவரம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்து, 1911-இல் அப்பணியினின்று விலகிய மறைமலையடிகள் வாழ்ந்த ஊர் அது. 1916-இல் தனித்தமிழ் இயக்கம் அரும்பியதும் அங்கேதான். அடிகள் பணியாற்றிய அக்கல்லூரியும், 1937-இல் நகரின் நெருக்கடியை நீத்துத் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. எழுத்திலே தமிழ் தலைநிமிரத் தென்சென்னைப் புறநகர் இவ்வாறு துணை நின்றது. அப்படியானால், பாட்டிலே தமிழ் எந்நிலையில் இருந்தது? கூடத்திலே கோலோச்சியதா, கொல்லைப்புறத்திலே காத்துக் கிடந்ததா?

கொல்லைப்புறத்தில்தான்! கச்சேரி மேடையிலே தெலுங்குக் கீர்த்தனை முதலிடம் பெற்றது. வடமொழி உருப்படி அதனையடுத்து அமர்ந்தது. தமிழ்ப் பாடலோ, விருந்து முடிந்தபின் நீட்டப்படும் வெற்றிலை பாக்குப்போல், 'துக்கடா' என்ற பெயரிலே கடைசியில் வந்தது. தெலுங்கின்மீது நமக்குப் பகையில்லை. தியாகராசர் தம் தாய்மொழியிலே உள்ளமுருகப் பாடினார். அது அவர்க்குப் பெருமை. அவரைப் போற்றுவோர் தத்தம் தாய்மொழியிலே பாடுவதன்றோ அவர் வழி நடப்பதாகும்?

இசைக்கு இலக்கணம் இல்லாத இனமா தமிழினம்? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியனுக்கும் குழலாசிரியனுக்கும் இருக்கவேண்டிய தகுதிகள் வகுத்துரைக்கப்பட்டுள்ளன. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தம் ஆராய்ச்சியைக் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலாக 1917-இல் வெளியிட்டார். அவர் மருத்துவர், பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். பட்டமும் பதவியும் பெற்றோர் பாராதிருந்த புதையலைத் தம் பொருளையும் உழைப்பையும் ஈந்து தோண்டியெடுத்தவர் அவர்.

பின்னரே பல்கலைக்கழகம் வந்தது. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. அதனோடு இசைக் கல்லூரியும் எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை தோன்றியது 1932-இல். இதனைச் சிறு மாற்றமென்று கருதுதல் தகாது. அதுவரை இசை, குடும்பத்துக்குள் காக்கப்பட்ட செல்வம். குருவின் வீட்டுத் திண்ணையில், அவர் மனம் கனிந்தால் கிடைக்கும் வரம். நாதசுரமும் நட்டுவாங்கமும் தலைமுறை தலைமுறையாய்க் காத்து வந்தோர், கலையால் உயர்ந்தும் சாதியால் தாழ்த்தப்பட்டுக் கிடந்தனர். தஞ்சை நால்வர் மரபிலே வந்த பொன்னையாப் பிள்ளை, அண்ணாமலை நகரில் ஆசிரியராய் அமர்ந்தபோது, கோயில் வாயிலில் நிறுத்தப்பட்ட கலைமரபு கல்லூரி வகுப்பிலே நாற்காலி பெற்றது. இது சீர்திருத்தமன்றி வேறென்ன?

ஆயினும், வாயில் திறந்ததேயொழிய மொழி மாறவில்லை. தமிழகத்துப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப்பாட்டுக்கு உரிய இடமில்லை என்ற குறையைப் போக்க, 1940-இல் அண்ணாமலை அரசர் பத்தாயிரம் ரூபாய் வழங்கினார். 1941-இல் அங்கே தமிழிசை மாநாடு கூடிற்று. கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் பெரும்பான்மையாய் ஒலிக்கவேண்டும் என்ற குரல் எழுந்தது. உடனே எதிர்ப்பு! 1928 முதல் இயங்கிவந்த சென்னை மியூசிக் அகாதமி, மொழியை எண்ணி இசையின் தரத்தைத் தாழ்த்தலாகாது என்று தீர்மானித்தது. தமிழ் வந்தால் தரம் தாழுமா? ஆற்றுநீர் எந்தக் குடத்தில் இருந்தால்தான் என்ன, நீர் நீர்தானே என்றனர். அப்படியாயின், தமிழ்க் குடத்தைமட்டும் தொட மறுத்தது ஏன்? இக்கேள்விக்கு விடை வரவில்லை.

1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறந்தது. பெரியாரும் அண்ணாவும் அதனை ஆதரித்தனர். அரசியலில் அவர்களோடு முரண்பட்ட இராசாசியும் கல்கியும் ஆதரித்தனர். கட்சி கடந்து நின்ற உரிமைக் குரல் அது. 1947-இல் விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' அரங்கேறியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் இருந்த ஈழத்து மட்டக்களப்புச் செல்வர், மறைந்த யாழ்களின் அமைப்பைக் கணக்கிட்டு நிறுவிய நூல் அது. மேடையும் ஆராய்ச்சியும் கைகோத்தால் விளையும் பயனுக்கு அது சான்று.

ஆனால் மேடையின் மனம் எளிதிலே மாறிற்றா? 1946-இல் திருவையாற்றுத் தியாகராசர் விழாவிலே தண்டபாணி தேசிகர் தமிழில் பாடினார். பாடியது கடவுள் வாழ்த்துதான், நாத்திகப் பாட்டன்று. அதற்கே அந்த இடம் தீட்டுப்பட்டது என்று சினந்தனர்! அதே தேசிகர், பின்னாளில் பாரதிதாசன் பாடலொன்றுக்குத் தேஷ் இராகத்திலே இசை வடித்தார். அண்ணாவின் கதையான 'ஓர் இரவு' திரைப்படத்தின் வாயிலாக 1951-இல் நாடெங்கும் அது பரவிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையும் அவர் தலைமையைப் பெற்றது. தீட்டென்று தள்ளப்பட்ட குரல், மாணவர்க்கு வழிகாட்டும் குரலாயிற்று.

பெரியார் மேலும் ஒரு கேள்வி எழுப்பினார்: மொழி தமிழானால் மட்டும் போதுமா, பொருளும் அறிவுக்கு ஏற்றதாக வேண்டாமா என்று. அக்கேள்வி இன்றும் உயிரோடுள்ளது.

இன்று அடையாற்றின் கரையிலே, இசைக்கும் கவின்கலைக்குமெனத் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. 2013-இல் தோன்றியது அது. தாம்பரத்துத் தொழிலாளியின் மகளும் பல்லாவரத்துத் தோல் பதனிடுவோரின் மகனும் குலத்தைச் சொல்லாமல் இசை கற்கக் கேட்கலாம். நன்று. எனினும், பட்டம் பெற்று வெளிவரும் அப்பிள்ளைகளுக்கு மார்கழி மேடையிலே இடமுண்டா? இடம் கிடைத்தாலும், தமிழ்ப் பாடல் நடுவிலே நிற்குமா, கடைசியிலே ஒதுங்குமா?

வகுப்பறை கதவைத் திறந்துவிட்டது. அரங்கம் திறக்க வேண்டும். பாடகர்மட்டும் திறக்கும் கதவன்று அது. கேட்போரும் தள்ளவேண்டும். தமிழ்ப் பாடலை முதலிலே கேட்போம், முழுதாகக் கேட்போம், கேட்டு வாங்குவோம்!